ஒரே மூன்று சுரம், ஆறு படம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்து வாசகசாலை மாடியில் மாதம் ஒருமுறை பழைய படம் போடுகிறோம். சென்ற மாதம், இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் 1958-இல் எடுத்த டிராகுலா படம். முடிந்ததும் அதன் இசையமைப்பாளர் ஜேம்ஸ் பெர்னார்டைப் பற்றிச் சீட்டில் எழுதிக் கேட்டார்கள். ஆர்மோனியம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

மாஸ்டர், கண்ணை மூடிக்கொண்டால் இவருடைய பேய்ப்படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கின்றன. பழைய மெட்டையே திரும்பத் திரும்ப விற்றாரா? (ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி)

கிராணி ஐயா கணக்குப் பார்த்தே பழகியவர், கேள்வியும் அப்படித்தான் வருகிறது. விற்றார் என்பது பாதி உண்மை. படத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அந்த அசைகளுக்கே சுரம் போடுவது பெர்னார்டின் வழக்கம். 'டிரா-கு-லா', மூன்று அசை, மூன்று சுரம். எக்காளம் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறது, அவ்வளவுதான். 1966, 1968, 1970-இல் இரண்டு, 1974 என்று அடுத்து அவர் இசையமைத்த டிராகுலா படங்களிலும் அதே கூப்பாடு. வருகிறவன் அதே ஆள், பெயரை மட்டும் எப்படி மாற்றுவது? தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) அடிக்கும் தண்டவாளத் துண்டை யாரும் தினம் ஒரு ராகத்தில் அடித்ததில்லையே.

ஆனால் 1970-இல் வந்த இரண்டில் ஒன்று எனக்குச் சலிப்புத் தட்டியது. மற்றதில் இளம் காதலர்களுக்காக ஒரு மெட்டு வருகிறது. அதைக் கேட்டால் சலித்ததையும் மன்னித்துவிடலாம்.

அந்த மூன்று சுரம் ஏன் வயிற்றைப் பிசைகிறது? (பஜனையில் பாடும் தங்கை)

வீட்டில் ஆர்மோனியம் இருக்கிறதா? நடுவில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கும்படி அடுத்தடுத்த இரண்டு வெள்ளைக் கட்டைகளைச் சேர்த்து அழுத்துங்கள். சட்ஜமும் சதுச்ருதி ரிஷபமும் (ச, ரி) ஒரே மூச்சில் ஒலிக்கும். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதுபோல் ஓர் அதிர்வு காதுக்குள் எழும். பெர்னார்டு அந்த மூன்று சுரத்தை ஒரு குழுவுக்குக் கொடுத்து, அதையே அந்த இரண்டு கட்டை இடைவெளி அளவு (ஒரு முழுச் சுரம்) மேலே இன்னொரு குழுவுக்கும் கொடுத்து, இரண்டையும் ஒன்றாக ஊதவைத்தார். இரண்டுமே மெட்டுப் பிசகாமல் போகின்றன. ஆனால் ஒன்றோடொன்று சேரவே சேராது. மண்டபத்தில் நான் வாசித்துக் காட்டியபோது முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அதன் தாயாரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் உறுமி மேளத்தோடு அவர் இசையை ஒப்பிடலாமா? (உறுமி அடிக்கும் தம்பி)

தாராளமாக. தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உறுமி முனகுகிறதே, அதில் மெட்டு எங்கே இருக்கிறது? ஆனாலும் முனியாண்டி கோயிலில் அது முனகத் தொடங்கினால் கூட்டம் விலகி வழிவிடுகிறது. பெர்னார்டின் முதல் படமும் அந்த வழிதான். 1955-இல் ஹாமரின் விண்வெளிப் பயங்கரப் படமொன்றுக்கு இசையமைக்க வேண்டியவர் நோயில் விழுந்தார். வானொலி நாடகத்துக்குப் பெர்னார்டு செய்த இசையைக் கேட்டிருந்த இசை மேற்பார்வையாளர் ஜான் ஹாலிங்ஸ்வொர்த் அவரை அழைத்தார். தந்தி வாத்தியமும் தாள வாத்தியமும் மட்டும்தான், ஊதல் எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு எத்தனை படம் செய்தாலும் அந்த முனகல் எங்கோ ஓரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

காசு இல்லாததால்தான் இசை நன்றாக அமைந்ததா?

அப்படிச் சொன்னால் நாளைக்கே நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள். 1958 படத்தின் மொத்தச் செலவே சுமார் 81,000 பவுண்டுதான். திரையில் பெரிதாகக் காட்ட முடியாததை இசை காட்டியது என்பதுவரை ஒப்புக்கொள்கிறேன்.

ஜான் கார்ப்பென்டரும் இதே வகைதானே? (கீபோர்டு பழகும் மாணவன்)

தான் இயக்கும் படத்துக்குத் தானே இசையமைக்கும் அமெரிக்கர் அவர். சிக்கனம் ஒன்றுதான், கை வேறு. பெர்னார்டு பெயரைக் கத்துகிறார். கார்ப்பென்டர் தாளத்தால் துரத்துகிறார். 1978-இல் வந்த அவருடைய 'ஹாலோவீன்' படத்துப் பியானோவை விரலால் தட்டிப் பார்: தகிட, தகிட, தக, தக. பத்து அட்சரம், இரண்டாக மடித்தால் ஐந்து. கார்ப்பென்டருக்கு அவருடைய அப்பா போங்கோ முழவில் ஐந்தடி சொல்லிக்கொடுத்தாராம். கண்டம் என்கிற ஐந்தெண்ணிக்கைத் தாளம் நமக்குப் பழகியது. நாலில் ஊறிய காதுக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கிவிடும்.

ஒரு குங்ஃபூ படத்திலும் அதே டிராகுலா இசையைக் கேட்டேன். என் காதில் கோளாறா?

காதில் கோளாறு இல்லை. மலாயாவெங்கும் திரையரங்கு நடத்திய ஷா சகோதரர்களோடு ஹாமர் கைகோத்து ஹாங்காங்கில் எடுத்த படம் அது. மேலே சொன்ன 1974 இதுதான்.

இவருக்கு ஆஸ்கார் கிடைத்ததா?

கிடைத்தது. ஆனால் இசைக்கு அல்ல, வேறொரு படத்தின் கதையை இன்னொருவருடன் சேர்ந்து எழுதியதற்காக!

அடுத்த மாதம் நம் நாட்டுப் பெண்பேய்ப் படம் 'பொந்தியானாக்' போடுவீர்களா? (வாசகசாலைக்கு எதிரே கடை வைத்திருக்கும் அக்கா)

எனக்கும் ஆசைதான். பி. என். ராவ் இயக்கிய அந்த 1957 படத்தின் பிரதி தொலைந்துபோய்விட்டது. அதே வரிசையில் 1958-இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' இருக்கிறது, அதைப் போடுவோம். ஆர்மோனியத்தை இந்த முறை பின்வரிசையில் வைத்துக்கொள்கிறேன்.