படகு விடும் ஏரியில் டேங்க் கிளீனர் மீன் பெருகிவிட்டது, மருந்து போட்டு ஒழிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் வேலூர்க்காரர். அவர் ஊர் ஏரியில் கொஞ்ச காலமாகப் படகுச் சவாரி நடக்கிறதாம். இப்போது தூண்டில் போட்டாலும் வலை வீசினாலும் கறுப்பாக, உடம்பெல்லாம் ஓடு போர்த்திய மீன்தான் ஏறுகிறதாம். மருந்து போட்டால் சாகுமா, அந்த மீனைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

மருந்தால் ஆகாது. ஏரியை ஒரு கோடை முழுக்க வற்றவிட முடிந்தால் பெருமளவு ஆகும். ஆனால் படகு விடுகிற ஏரியை வற்றவிட யார் சம்மதிப்பார்கள்? உங்கள் பிரச்சினையின் வேரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் குடியாத்தம் பக்கம். என் மாமா ஏரிகளில் மீன் குத்தகை எடுப்பவர், அவர் கூடப் போய்ப் பார்த்ததைத்தான் சொல்கிறேன். இந்த மீன் வலையில் ஏறினால் அன்றைக்கு வேலை கெட்டது. முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் தடித்த முள் இருக்கிறது. பிடிபட்டதும் அதை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். நைலான் கண்ணி அந்த முள்ளில் நாலு சுற்று சுற்றிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, கத்தியால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை நான் வாலைப் பிடித்து இழுக்கப் போனேன். "இன்னாடா பண்ற, கைய கிழிச்சிடும், சொம்மா இரு" என்று சத்தம் போட்டார் மாமா. கரையில் வீசிய மீன் மதியம் நாங்கள் கிளம்பும்போதும் வாயை அசைத்துக்கொண்டுதான் கிடந்தது. காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசிக்கிற மீன் அது. மற்ற மீன்கள் செத்து மிதக்கிற சாக்கடைத் தண்ணீரிலும் அது பிழைப்பதற்குக் காரணம் அதுதான்.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. நம் ஊருக்கு வந்தது கண்ணாடித் தொட்டி வழியாக. கடையில் வாங்கும்போது விரல் நீளம் இருக்கும், தொட்டியின் பாசியைச் சுத்தமாக நக்கித் தின்னும். வளர்ந்தால் ஒன்றரை அடி வரை போகும், தொட்டி தாங்காது. அப்புறம் என்ன, கொல்ல மனசு வராமல் "பாவம், எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது இது நிறைய நடக்கிறது. புண்ணியம் என்று நினைத்துச் செய்வதால் அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை.

ஒரு ஏரியில் விட்டால் ஒரு ஏரியோடு நிற்காது. வட ஆற்காட்டு ஏரிகள் ஒன்றோடொன்று தொடுத்தவை. மேல் ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்தால் தண்ணீர் கீழ் ஏரிக்குத்தான் வரும், மீனும் கூடவே வரும். வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிந்து எத்தனையோ ஏரிகளை நிரப்புகின்றன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அப்படி ஒரு வெள்ளம் போதும்.

இனி வற்றுகிற விஷயம். நம் பக்கத்து ஏரிகள் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்பதற்காகக் கட்டியவை அல்ல. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும், மதகைத் திறந்து பாசனம் நடக்கும், சித்திரை வைகாசியில் தரை வெடித்துக் கிடக்கும், மாடு மேயும். நம் நாட்டு மீன்கள் இந்தக் கணக்குக்குப் பழகியவை. விராலும் குறவையும் தேளியும் வண்டலுக்குள் புதைந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். டேங்க் கிளீனருக்கும் கரையில் வளை தோண்டி அந்த ஈரத்தில் கொஞ்ச காலம் ஓட்டத் தெரியும். ஆனால் வேலூர் வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்து வெடித்த தரையில் அது பெரும்பாலும் தாங்காது. வருடா வருடம் ஏரியைக் கழுவிவிட்டது கோடைதான்.

இப்போது ஏரித் தண்ணீரில் பாசனம் நடந்த ஆயக்கட்டு நிலமெல்லாம் மனைப் பிரிவு ஆகிவிட்டது. மதகைத் திறக்கச் சொல்ல விவசாயி இல்லை. படகுக்கு ஆழம் வேண்டும் என்று தண்ணீரைத் தேக்கியே வைக்கிறார்கள். போதாததற்குக் குடியிருப்புகளின் கழிவுநீர் கோடையிலும் வந்து விழுகிறது. பாசியும் சேறும் தின்கிற மீனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மருந்து ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பண்ணைக் குட்டையில் வேண்டாத மீனை அழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடுவது வழக்கம்தான். ஒரு எக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சுமார் 2,500 கிலோ கணக்கு. உங்கள் ஏரி 100 ஏக்கர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 150 டன் வேண்டும்! அத்தனையையும் கொண்டுவந்து கொட்டினாலும் முதலில் சாவது கெண்டையும் கட்லாவும்தான். காற்றைச் சுவாசிக்கிற மீன் தப்பிக்கத்தான் பார்க்கும், மிஞ்சிய நாலு ஜோடிக்கு ஏரி முழுக்கச் சொந்தம். பூச்சிமருந்து, பிளீச்சிங் பவுடர் யோசனைகளைத் தயவுசெய்து நினைக்கவே நினைக்காதீர்கள். ஆடு மாடு குடிக்கிற தண்ணீர் அது.

செய்யக்கூடியது வேறு. படகுக் குத்தகை முடிகிற சமயம் பார்த்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு கோடையாவது மதகைத் திறந்து முழுக்க வடிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரத்துக் கால்வாயில் விழுகிற கழிவுநீரையும் அந்தக் கோடைக்காவது திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வடித்தும் பலனில்லை. ஏரி உங்கள் ஊராட்சிக்கு உட்பட்டது என்றால் கிராம சபையில் எழுத்தில் கொடுங்கள். அந்த மீன் கரையைத் துளைக்கிறது என்ற விஷயத்தை முதலில் வையுங்கள், மற்றதையெல்லாம் அப்புறம் சொல்லலாம். முட்டையிடுவதற்காகத் தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கரைக்குள் ஒரு மீட்டர் ஆழம் வரை அது வளை தோண்டும். மண் கரை உள்ள ஏரிக்கு அது எவ்வளவு ஆபத்து என்று அதிகாரிக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் இறங்கியதும் கரையோரமாக நடந்தால் அந்த வளைகள் வரிசையாகத் தெரியும், போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள். வளைகளை மண் வைத்து இடித்து அடைக்க அதுதான் சமயம்.

தண்ணீர் குறையும்போது ஊத்தாக் கூடையும் வலையுமாக இறங்கி விரால், கெளுத்தியைத் தனியே எடுத்துவிட்டு இதைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கரையில் போட்டுவிட்டு வந்தால் துள்ளித் துள்ளிப் பள்ளத்துத் தண்ணீருக்குப் போய்விடும். அடுத்த முறை மீன் குஞ்சு விடும்போது பையை அப்படியே கவிழ்க்காமல் ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். ரோகு குஞ்சுகளுக்கு நடுவில் தட்டையான தலையோடு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது சட்டென்று தெரியும். படகுத் துறையில் 'தொட்டி மீனை இங்கே விடாதீர்கள், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்' என்று ஒரு பலகையும் வைக்கலாம், பெரிய செலவில்லை.

"ஜிலேபி வந்தபோதும் இப்படித்தான் கத்தினோம், இப்போது எல்லாரும் சாப்பிடவில்லையா" என்று யாராவது பேசுவார்கள். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன், நம் கெண்டை வகைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதும் உண்மை. ஆனால் அதை விற்றுக் குத்தகைக்காரர் பிழைக்கிறார். டேங்க் கிளீனரை எங்கள் பக்கச் சந்தையில் கிலோ பத்து ரூபாய்க்கும் சீந்துவாரில்லை. மெக்சிகோவில் இன்ஃபியர்னியோ என்றொரு பெரிய நீர்த்தேக்கம், ஜிலேபிக்குப் பேர் போனது. அங்கே இந்த மீன் புகுந்ததும் வலையில் ஏறுவதெல்லாம் இதுவாகி மீனவர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. ஜிலேபியையே துரத்துகிற மீனோடு நம் கெண்டை எங்கே போட்டி போடுவது!

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு: விஷ மீன் இல்லை, அமேசான் பக்கம் சாப்பிடத்தான் செய்கிறார்கள். ஓட்டை உடைத்தால் உள்ளே கறி கொஞ்சம்தான். ஆனால் நம் மாவட்டத்தில் நான் சாப்பிட மாட்டேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்ட கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அடிச்சேற்றை வழித்துத் தின்கிற மீனின் உடம்பில் குரோமியம் போன்றவை சேர வாய்ப்பு அதிகம். கோழித் தீவனத்துக்கு அரைக்கலாமா என்று கேட்பவர்களும் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. தென்னை, மா மரத்தடியில் ஆழமாகப் புதைப்பதே எங்கள் வீட்டு வழக்கம். மேலாகப் புதைத்தால் நாய் தோண்டிவிடும், அந்த முள் அதன் வாயைக் கிழிக்கும்.