மெஷின் வந்தா ஃபார்மசிஸ்ட் வேலை போயிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் ஃபார்மசி கடைசி வருஷம் படிக்கிறேன். வீட்டுக்கு வர்ற மாமா ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் "இனிமே எல்லாம் ரோபோ தான், மாத்திரை எடுத்துக் குடுக்க எதுக்கு ஒரு டிகிரி"ன்னு கிண்டல் பண்றார். சிரிச்சு மழுப்பிடறேன், ஆனா உள்ளுக்குள்ள பயமா இருக்கு. இந்த வேலை நிஜமாவே நிலைக்குமா?

பதில்: மாமா சொல்றதுல பாதி சரிம்மா, அதை முதல்லயே ஒத்துக்கலாம். மாத்திரை எடுத்துக் குடுக்கறதுக்கு டிகிரி தேவையில்ல தான். ஐரோப்பாவுல நிறைய மருந்துக் கடைகள்ல பின்னாடி ஒரு அலமாரி ரோபோ நிக்குது, கவுண்ட்டர்ல கம்ப்யூட்டர்ல தட்டினா அது தண்டவாளத்துல ஓடிப் போய் பெட்டியை எடுத்து சரிவுல தள்ளி விட்டுடும். வேடிக்கை என்னன்னா உள்ள அடுக்கறது நம்மள மாதிரி அகர வரிசைல இல்ல, எந்தப் பெட்டி எந்த இடுக்குல கச்சிதமா உக்காருமோ அங்க சொருகிடும், பாத்தா ஒரே கலைஞ்சு போட்ட மாதிரி இருக்கும், ஆனா எது எங்க இருக்குன்னு அதுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரிகள்ல ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் வேளை வாரியா மாத்திரையை பொட்டலம் போட்டு பேர் ஒட்டித் தர்ற மெஷினும் இருக்கு. இந்த வேலையில நாம அதோட போட்டி போட முடியாது, போடவும் வேணாம், நாள் பூரா நின்னு எண்ணினா யாருக்கும் கண்ணு அசந்து தான் போகும்.

2013ல ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டில ஃப்ரே, ஆஸ்போர்ன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 702 வேலைகளை எடுத்து எதெல்லாம் கம்ப்யூட்டர் கைக்குப் போகும்னு கணக்கு போட்டாங்க. ஃபார்மசிஸ்ட்டுக்கு உதவியா மாத்திரை எண்ணி எடுத்து வைக்கற ஃபார்மசி டெக்னீஷியன் வேலைக்கு 92 சதவீத வாய்ப்பு, ஃபார்மசிஸ்ட்டுக்கு வெறும் 1.2 சதவீதம். ரெண்டு பேரும் ஒரே கவுண்ட்டருக்குப் பின்னாடி நிக்கறவங்க! அந்தக் கணக்கை வேதவாக்கா எடுத்துக்க வேணாம், ஒரு வேலையை முழுசா ஒண்ணா பாக்கக் கூடாது, அதுக்குள்ள சில பகுதி தான் மெஷினுக்குப் போகும்னு அப்புறம் வந்தவங்க நல்லாவே குறை சொல்லிட்டாங்க. இருந்தாலும் எடுத்துக் குடுக்கற வேலை வேற, எடுத்துக் குடுக்கலாமான்னு யோசிக்கற வேலை வேறங்கறது அதுலயே தெரியுது. மாமா பாக்கறது முதல் வேலையை மட்டும் தான், ஏன்னா கவுண்ட்டருக்கு வெளிய நிக்கறவங்க கண்ணுக்கு அது மட்டும் தான் தெரியும்.

கேள்வி: தப்பு பண்றதே மனுஷங்க தானே மேடம்? கையெழுத்து புரியாம வேற மாத்திரை குடுக்கறது, பேர் ஒரே மாதிரி இருக்குன்னு மாத்திக் குடுக்கறது இதெல்லாம் மெஷின் கிட்ட நடக்காதே.

பதில்: நடக்காது சார், அதுல சந்தேகமே இல்ல. வயித்துப் புண்ணுக்கு லோசெக்னு ஒரு மாத்திரை, நீர் பிரியறதுக்கு லாசிக்ஸ்னு ஒரு மாத்திரை, கிறுக்கல் கையெழுத்துல ரெண்டும் ஒண்ணு போலவே இருந்து குழப்பம் ஆனதால 1990ல அமெரிக்காவுல லோசெக் பேரையே பிரைலோசெக்னு மாத்தினாங்க. அந்த மாதிரி தப்பை பார்கோடு சுலபமா பிடிச்சிடும்.

ஆனா மெஷினுக்குன்னே சில தப்பு இருக்கு. 2013ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நடந்தது, அப்புறம் விவரமா வெளிய வந்தது. 16 வயசுப் பையன், எடை 38.6 கிலோ, வழக்கமா சாப்பிடற கோ-ட்ரைமாக்சசோல் ஆன்டிபயாடிக் ஒரு மாத்திரை தான் குடுக்கணும், 160 மில்லிகிராம். 40 கிலோவுக்கு கீழ இருந்தா எடையை வச்சு டோஸ் போடணும்னு அங்க விதி. டாக்டர் அப்படித்தான் போட்டாங்க, கணக்கு 193 வந்தது, மாத்திரை அளவோட ஒத்துப் போகலைன்னு ஃபார்மசிஸ்ட் "160ன்னு மாத்திப் போடுங்க"ன்னு மெசேஜ் அனுப்பினார். டாக்டர் 160ன்னு அடிச்சாங்க, ஆனா ஸ்க்ரீன்ல அந்தக் கட்டம் "ஒரு கிலோ எடைக்கு"ங்கறதுலயே இருந்தது. 160ஐ 38.6ஆல பெருக்கிப் பாருங்க, 6,176 மில்லிகிராம். கம்ப்யூட்டர் போட்டது முப்பத்தெட்டரை மாத்திரை! ஓவர்டோஸ்னு அலர்ட் வந்தது, டாக்டர் தள்ளி விட்டுட்டாங்க, ஃபார்மசிஸ்ட்டும் தள்ளி விட்டுட்டார். ரோபோ ஒண்ணு கூட குறையாம, கூடாம முப்பத்தெட்டரையும் பொட்டலம் போட்டு அனுப்பிச்சுது. நர்ஸுக்கு இது என்னடா இவ்வளவுன்னு உறுத்தத் தான் செஞ்சுது, ஆனா பார்கோடு ஸ்கேனர் சரின்னு சொல்லிடுச்சு, குடுத்துட்டாங்க. பையனுக்கு வலிப்பு வந்து, நல்லவேளையா பிழைச்சுட்டான்.

இதுல ஃபார்மசிஸ்ட்டும் தானே கோட்டை விட்டார்னு நீங்க கேப்பீங்க, ஆமா. அவரை நான் காப்பாத்தப் போறதில்ல. ஆனா அந்த அலர்ட் ஏன் கண்ணுல படலைன்னு பாருங்க, ஒரு நாளைக்கு ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ஏகப்பட்ட அலர்ட் வந்துட்டே இருக்கும், நிஜமான ஆபத்துக்கும் சும்மா வர்றதுக்கும் ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி பட்டன், கை தானா அழுத்திட்டுப் போயிடும். ரோபோ அதுக்குச் சொன்ன வேலையை அப்பழுக்கில்லாம செஞ்சுது, பிரச்சனையே அது தான். முப்பத்தெட்டரைங்கற நம்பரைப் பாத்து பதறறதுக்கு அந்த இடத்துல ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு பதற நேரமும் வேணும்.

கேள்வி: ரெண்டு மருந்து சேரலாமா கூடாதான்னு இப்ப ஏஐ கிட்ட கேட்டா நொடியில சொல்லுது. அப்புறம் ஃபார்மசிஸ்ட் கிட்ட கேக்க என்ன இருக்கு?

பதில்: கேட்டா சொல்லும், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா எதைக் கேக்கணும்னு நமக்குத் தெரியணுமே. ஒருத்தர் வந்து வறட்டு இருமல், சிரப் குடுங்கன்னு கேக்கறார். மெஷினா இருந்தா சிரப் குடுத்துடும், ஸ்டாக் இருக்கு, காசு குடுத்தாச்சு. நல்ல ஃபார்மசிஸ்ட் "எத்தனை நாளா இருக்கு, ப்ரெஷருக்கு ஏதாவது சாப்பிடறீங்களா"ன்னு கேப்பார். எனலாப்ரில் மாதிரி மாத்திரைக்கு வறட்டு இருமல் தெரிஞ்ச சைடு எஃபெக்ட், எத்தனை பாட்டில் சிரப் குடிச்சாலும் போகாது, டாக்டர் கிட்ட சொல்லி மாத்திரையை மாத்தினா சரியாயிடும். அதே மாதிரி அம்லோடிபின் சாப்பிடறவங்களுக்கு கால் வீங்கும், அது மருந்தால வந்ததுன்னு யாரும் யோசிக்காம வீக்கத்துக்குன்னு நீர் மாத்திரை சேர்ப்பாங்க, அதுல பொட்டாசியம் குறையும், அதுக்கு இன்னொண்ணு. மாத்திரை டப்பா நிரம்பிட்டே போகும்.

இன்னொண்ணு மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடற மருந்து, தினமும்னு நினைச்சு சாப்பிட்டா ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்து. ப்ரிஸ்க்ரிப்ஷன் சரி, மாத்திரை சரி, எண்ணிக்கையும் சரியா இருக்கும், வீட்டுக்குப் போய் எப்படி சாப்பிடறாங்கங்கறது தான் தப்பாகும். "எந்தக் கிழமை சாப்பிடப் போறீங்க, நீங்களே சொல்லுங்க"ன்னு வாய் விட்டு சொல்ல வைக்கறது பத்து செகண்ட் வேலை, ஆனா அவங்க தயங்கறாங்களா, தலையை மட்டும் ஆட்டறாங்களான்னு முகத்தைப் பாத்து கண்டுபிடிக்கணும்.

2018ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலஸ்ல கறுப்பின ஆண்கள் முடி வெட்டிக்கற சலூன்கள் 52, ப்ரெஷர் அதிகமா இருந்த 319 பேர். ஒரு பாதி சலூனுக்கு ஃபார்மசிஸ்ட்டே நேரா போய் ப்ரெஷர் பாத்து, டாக்டரோட ஏற்பாட்டுல மருந்தும் எழுதினாங்க. மத்த சலூன்கள்ல முடி வெட்டறவர் டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு சொன்னதோட சரி. ஆறு மாசத்துல மேல் ப்ரெஷர் முதல் குரூப்புக்கு 27 பாயின்ட் இறங்குச்சு, ரெண்டாவதுக்கு 9 தான். மருந்து எல்லாம் கடையில எப்பவும் கிடைக்கறது தான், புதுசா ஒண்ணும் இல்ல, ஆள் தேடிப் போனது தான் புதுசு.

கேள்வி: நீங்க சொல்ற மாதிரி பேசற ஃபார்மசிஸ்ட்டை நான் பாத்ததே இல்ல. சீட்டை வாங்கறாங்க, கவர்ல போடறாங்க, பில் குடுக்கறாங்க.

பதில்: அப்படிப்பட்ட வேலைக்கு மெஷின் வந்தா நான் அழ மாட்டேன். ஆனா பாதி நேரம் அவங்களைப் பேச விடறதே இல்ல, ஒரு ஆளை நிக்க வச்சு க்யூவை சீக்கிரம் முடின்னு விரட்டினா யாரு நின்னு பேசுவாங்க. மெஷின் வாங்கற முதலாளி மிச்சமாகற நேரத்தை பேசறதுக்கு விடுவாரா, இல்ல ஆளைக் குறைப்பாரான்னு தான் முதல்ல எழுதின தங்கச்சி கவலைப்படணும், ரோபோவைப் பத்தி இல்ல. நீங்க அடுத்த தடவை போறப்ப வீட்ல சாப்பிடற எல்லா மாத்திரை ஸ்ட்ரிப்பையும், தலைவலிக்குன்னு சும்மா வாங்கறது, சத்து மாத்திரை எல்லாத்தையும் சேர்த்து ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய், கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து "இதெல்லாம் சேர்த்து சாப்பிடலாமா"ன்னு கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க.