டு போயிஸ் தட்டிய கதவுகள்

கேள்வி: அம்பேத்கர் கடிதம் எழுதினாரே, அமெரிக்காவின் டு போயிஸ், அவர் ஆராய்ச்சியாளரா, போராட்டக்காரரா?
– கல்லூரி மாணவி, பெருந்துறை

பதில்: முதலில் ஆராய்ச்சி, அப்புறம் இரண்டும், அம்மணி. 1868இல் பிறந்தவர். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார், அங்கே அதை வாங்கிய முதல் கறுப்பர் இவர்தான். அடுத்த வருஷமே பிலடெல்பியாவில் கறுப்பர்கள் நிறைந்த ஏழாம் வார்டில் குடியேறி, சுமார் 2,500 வீடுகளுக்கு அவரே போய்க் கதவைத் தட்டி, என்ன வேலை, வாடகை எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார். ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வருகிறவர்களையே நாம் வாசலில் நிறுத்திச் சலித்துக்கொள்வோம், அவரை எத்தனை பேர் முறைத்திருப்பார்களோ! வறுமையும் குற்றமும் கறுப்பர்களின் பிறவிக் குணம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அடிமை வாழ்வு விட்டுச்சென்ற பாதிப்பும், வேலை கொடுக்க மறுப்பதும்தான் காரணம் என்று கணக்கோடு காட்டினார். 1899இல் அது புத்தகமாக வந்தது.

உண்மையைச் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று அப்போது நம்பியிருக்கிறார். அதே 1899இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பரைக் கும்பல் எரித்துக் கொன்றது. அட்லாண்டாவில் பேராசிரியராக இருந்த டு போயிஸ், நிதானமாக ஒரு கடிதம் எழுதிப் பத்திரிகை ஆபீசில் கொடுக்கக் கிளம்பினார். வழியில் கேள்விப்பட்டார், அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் ஹோஸின் விரல் முட்டிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம். அப்படியே வீடு திரும்பிவிட்டார், ஆராய்ச்சி மட்டும் போதாது என்று புரிந்துபோனது. இதை அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அவருடைய பட்டங்களைவிட இந்தத் திரும்பல்தான் பெரிதாகப் படுகிறது.

1909இல் கறுப்பர் உரிமைக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 24 வருஷம் அதன் பத்திரிகை ஆசிரியர். 1951இல் அந்நிய ஏஜென்ட் என்று வழக்குப் போட்டார்கள், அது நிற்கவில்லை, ஆனாலும் பாஸ்போர்ட் 1958 வரை கைக்கு வரவில்லை. 1963இல் கானாவில் இறந்தார். மறுநாள்தான் வாஷிங்டன் பேரணி, மார்ட்டின் லூதர் கிங் பேசியது.

சரி, கடிதம். 1946இல் அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று அம்பேத்கர் கேட்டிருந்தார், தீண்டப்படாதோர் நிலையும் அதுவும் ஒன்றுபோல என்று சொல்லி. எங்கள் ஊர் டீக்கடையில் கூரை ஓலையில் செருகியிருந்த தனி டம்ளர்களையும், குடித்தவரே கழுவிச் செருகிவிட்டுப் போனதையும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஒப்புமைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டு போயிஸ் அதே ஜூலையில் பதில் போட்டார். இரண்டுமே சின்னக் கடிதங்கள்தான், தேடிப் படியுங்க.