தாத்தாவின் பழைய ஜப்பான் கிட்டாரைச் சரிசெய்வது எப்படி, பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சுங்கை சிப்புட்டில் தாத்தா விட்டுப்போன 1960-களின் டெய்ஸ்கோ கிட்டார் கரகரக்கிறது, ஒரு பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளில்) சத்தமே இல்லை, உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து எதையும் தூக்கி எறியாதீர்கள். பாப் யே யே என்ற அறுபதுகளின் மலாய் கிட்டார் இசைக் காலத்துக் கருவி அது, அந்தக் குரல் பழைய பிக்கப்பில்தான் இருக்கிறது.

கரகரப்புக்குப் பெரும்பாலும் வால்யூம் குமிழுக்குக் கீழே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரும் சுவிட்சும்தான் காரணம், நம் ஊர் ஈரக்காற்றில் அங்கே அழுக்கும் களிம்பும் படிந்துவிடும். காண்டாக்ட் கிளீனரை (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) இடுக்கில் கொஞ்சம் பீய்ச்சி, குமிழை இருபது முப்பது தடவை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் ஊமையாகிப்போன பிக்கப்பின் ஒரு வயரை மட்டும் கழற்றி, மல்டிமீட்டர் என்ற மின் அளவுகருவியை ஓம் அளவில் வைத்து அந்தப் பிக்கப்பின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். சில கிலோ ஓம் காட்டினால் சுருள் பிழைத்திருக்கிறது, வேறெங்கோ பற்றவைப்பு விட்டிருக்கும். எதுவுமே காட்டாவிட்டால் சுருளில் உள்ள தலைமுடி போன்ற கம்பி அறுந்திருக்கிறது, திரும்பச் சுற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பாகங்களுக்கு வருவோம். ஜப்பான் கிட்டார்கள் மில்லிமீட்டர் கணக்கு, அமெரிக்கப் பாகங்கள் பல அங்குலக் கணக்கு, அதனால் துளையின் அகலம், தண்டின் தடிமன், டியூனர் (தந்தியை முறுக்கும் சாவி) திருகாணிகளின் இடைவெளி எல்லாவற்றையும் அளந்த பிறகே ஆர்டர் செய்யுங்கள். புதுப் பொட்டென்ஷியோமீட்டர் ஷாப்பியிலேயே கிடைக்கும். பழைய பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பாகம்), குமிழ் வேண்டுமானால் ரிவெர்ப் என்ற இசைக்கருவி இணையச் சந்தையிலும் ஜப்பான் யாஹூ ஏலத்திலும் பொறுமையாகத் தேடுங்கள். பொருந்தவில்லை என்று மரத்தில் புதுத் துளை மட்டும் போடாதீர்கள். கழற்றியவற்றை ஒரு டப்பாவில் போட்டு கிட்டாரோடு வைத்திருங்கள்.