சைபர்ஜெயா: ஃபைபர் வந்தும் ஊர் நிறையாதது ஏன்?

மலேசியாவில் கோலாலம்பூருக்குத் தெற்கே, தொழில்நுட்ப நிறுவனங்களுக்காகவே கட்டிய நகரம் சைபர்ஜெயா. அதைப் பற்றி, "ஃபைபர் முதலிலேயே வந்த அறிவுநகரம், இரவில் ஏன் காலி?" என்று கேட்டீர்கள். ஃபைபர், அதாவது அதிவேக இணையக் கேபிள், நிறுவனங்களைத்தான் கூட்டிவரும், குடும்பங்களை அல்ல.

பெரிய காரணம் போக்குவரத்து. சைபர்ஜெயா தொடங்கியது 1997. மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் 1999. எம்ஆர்டி என்னும் நகர ரயில் வந்ததோ 2023 மார்ச்சில்! அதுவரை கார் இல்லாதவருக்குப் பெரும்பாலும் பஸ்தான் கதி. காரிருந்தவர்கள் வேலை முடிந்ததும் பக்கத்து ஊரான பூச்சோங், கோலாலம்பூர் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதை உங்கள் ஆய்வேட்டில் சேர்க்குமுன் ஒன்று செய்யுங்கள்: ஃபைபர், வளாகம், வீடுகள், ரயில் நான்கும் வந்த ஆண்டுகளை ஒரே கோட்டில் குறியுங்கள். இடைவெளி கண்ணில் படும்.

ஆனால் "தோல்வி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே டேட்டா சென்டர்கள் (தரவுகளைச் சேமிக்கும் கணினிகள் நிறைந்த கட்டடங்கள்) நன்றாகவே ஓடுகின்றன. என்ன, அவற்றுக்கு மின்சாரம்தான் நிறைய வேண்டும், ஆட்கள் கொஞ்சம் போதும்.