'மறுகா பாப்பம்' என்பதற்கு ஒரு திகதி வேண்டும்

கேள்வி: நான் கல்லடியில் இருக்கும் ஆசிரியை. மகன் நாலாம் தரம் படிக்கிறான், மகளுக்கு மூன்று வயது. எட்டு மாதத்துக்கு முன் மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. மாமா உயிரோடு இல்லை. ஒரே மச்சாள் கனடாவில். அதனால் இவர் அக்கரைப்பற்று அலுவலகத்துக்கு இடமாற்றம் எடுத்துக்கொண்டு திருக்கோவிலில் மாமியோடு இருக்கிறார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்க்கிறா, இரவில் இவர். சனி பின்னேரம் வருகிறார். சாப்பிட்டுப் படுத்தால் ஞாயிறு மத்தியானம்தான் எழும்புகிறார். பின்னேரம் பஸ் ஏறிவிடுகிறார். எப்போது வீட்டோடு வருவீர்கள் என்று கேட்டால் 'மறுகா பாப்பம்' (பிறகு பார்ப்போம்) என்கிறார். மாமியை இங்கே கூட்டி வரச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார். படுக்கையில் கிடக்கும் மனுசி மேல் கோபம் வருகிறதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து தொடங்குவோம். உங்களுக்கு அதிகம் வலிப்பது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது.

தானாகக் கிறுகிப் படுக்க முடியாத ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று வார்ட்டில் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். மாமியின் நிலை அதுவானால் கணக்குப் பாருங்கள். இரவு பத்துக்கு ஒருதரம், பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. நடுவில் பம்பஸ் மாற்ற வேண்டி வரும். தண்ணீர் கேட்பா. காலையில் துடைத்து, சாப்பாடு ஊட்டி, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகம் போக வேண்டும். இப்படி ஆறு இரவு. கல்லடி வீட்டுக் கட்டில்தான் அவரை யாரும் எழுப்பாத ஒரே இடம். அங்கே வந்து அவர் விழுந்து படுப்பதை உங்கள் மேல் இருந்த அன்பு வற்றிப் போனதற்கு அடையாளமாக எடுக்காதீர்கள்.

ஆனால் காரணம் புரிந்துவிட்டால் மட்டும் ஞாயிறு திரும்பக் கிடைத்துவிடாது. அவருடைய இரவு இலேசானால்தான் உங்கள் ஞாயிறு மீளும். அதற்கு ஒரு வழி காற்று மெத்தை. சின்ன மோட்டரில் காற்று மாறி மாறி நிரம்புவதால் உடம்பின் ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காது. மெத்தை போட்ட பிறகும் புரட்டத்தான் வேண்டும், ஆனால் இடைவெளியைக் கூட்டலாமா என்று கிளினிக்கில் கேட்கலாம். தோல் நல்ல நிலையில் இருந்தால் நாலு மணித்தியாலம் வரை விடச் சொல்லக்கூடும். வைத்தியர் சம்மதித்தால் இரவில் நாலு தரம் எழும்புகிறவர் இரண்டு தரம் எழும்புவார். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு எங்காவது தெரிந்தால் அந்தக் கணக்கு செல்லாது, உடனே காட்ட வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் கடினமான விஷயம். பாரிசவாதத்துக்குப் பிறகு உடம்பு வேகமாகத் தேறுவது முதல் மூன்று மாதத்தில். ஆறு மாதம் தாண்டினால் முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை, பயிற்சி செய்தால் வரும், ஆனால் மெதுவாக வரும். மாமிக்கு எட்டு மாதம். இவர் இடமாற்றம் எடுத்தபோது 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் நீங்கள் இருவரும் நினைத்திருப்பீர்கள். அந்தக் கொஞ்ச நாள் முடிந்துவிட்டது. 'மறுகா பாப்பம்' என்று அவர் சொல்வது பெரும்பாலும் உங்களைத் தட்டிக் கழிக்க இருக்காது. அம்மா இனி எழும்பி நடக்கமாட்டா என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு அவருக்கு இன்னும் வரவில்லை போல. அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் ஒரு லீவு போட்டுக் கூடப் போங்கள். "இனி எவ்வளவு தேறும்?" என்ற கேள்வியை இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் நேரே கேளுங்கள். அந்தப் பதிலை அவர் தனியே கேட்டுவிட்டுத் தனியே சுமந்துகொண்டு பஸ்ஸில் வரக்கூடாது.

சரி, மாமியைக் கல்லடிக்கு ஏன் கூட்டி வரவில்லை? நம்முடைய பக்கத்து வழக்கத்தை வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் அந்த வீட்டுக்கு வருவான், வயதான காலத்தில் தாய் தகப்பன் மகளோடு இருப்பார்கள். உங்கள் கல்லடி வீடும் உங்கள் சீதன வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திருக்கோவில் வீடு அனேகமாக மச்சாள் பெயரில் உறுதி எழுதியிருக்கும். மகள் வீட்டில் படுத்திருப்பதை மாமி தன் உரிமையாக நினைப்பா. மருமகள் வீட்டில், அதுவும் சம்பந்தி கொடுத்த வீட்டில், பம்பஸோடு போய்க் கிடப்பதென்றால் நம்முடைய பெண்களுக்கு உயிர் போகும். அதை மகனிடம் சொல்லியிருப்பா. மகனுக்கு அதை உங்களிடம் சொல்ல வாய் வராது. அதனால்தான் பேச்சு மாறுகிறது என்பது என் ஊகம்.

கூட்டி வருவது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். வயதானவர் பழகிய அறையை விட்டு வந்தால் சில நாள் இரவு பகல் குழம்பும். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், மருந்து எல்லாம் அங்கத்தைய ஆஸ்பத்திரியில் நடக்கின்றன, மாற்றுவதானால் கடிதம் வாங்கிக்கொண்டுதான் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டும். நீங்கள் பாடசாலைக்குப் போனால் பகலில் யார்? அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைப் போல ஒருவர் கல்லடியில் கிடைப்பாரா? இதையெல்லாம் பார்த்தால் இப்போதைக்கு மாமி அங்கேயே இருப்பதுதான் நல்லது, மாற வேண்டியது உங்கள் இவருடைய கிழமைதான் என்று நான் நினைக்கிறேன்.

அலுவலகம் அக்கரைப்பற்றில் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லடியிலிருந்து அறுபது கிலோமீற்றர் சொச்சம். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று அந்த றோட்டில் தினமும் போய் வருகிற உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்! கிழமை நடுவில் ஒரு நாள், புதன் என்று வைத்துக்கொள்வோம், அலுவலகம் முடிந்து அவர் நேரே கல்லடிக்கு வரட்டும். அடுத்த நாள் காலை பஸ்ஸில் போகட்டும். அந்த இரவுக்கும் சனி இரவுக்கும் திருக்கோவிலில் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். பகலில் பார்க்கிற அக்காவின் தலையில் இரவையும் கட்டிவிடாதீர்கள், அவவும் களைத்து விலகிவிட்டால் எல்லாம் சரிந்துவிடும்.

இந்தச் செலவு யாருடையது? மச்சாளோடு பேச வேண்டும், பேச வேண்டியது உங்கள் கணவர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கிறது. மகன், மகள் என்று பிரிக்கவில்லை. கனடாவில் இருப்பவரோடு சட்டம் பேசச் சொல்லி நான் இதை எழுதவில்லை. உங்கள் கணவர் காசு கேட்கக் கூச்சப்படுவார், தம்பி பிச்சை கேட்கிறான் என்று நினைப்பார்களோ என்று. பங்கு கேட்பது பிச்சை இல்லையே. "அக்கா, உங்களால் வர முடியாது, நான் இருக்கிறேன். இரவு ஆளின் சம்பளமும் மெத்தையும் உங்களுடையது" என்று பொருளைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் தருவார்கள். 'கொஞ்சம் உதவி' என்று மொட்டையாகக் கேட்டால்தான் இழுபடும். வீட்டு உறுதியை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டாம். வீடு உங்களுக்கு, பாடு எங்களுக்கா என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தொட்டால் மெத்தையும் வராது.

தொலைபேசியைப் பற்றி ஒன்று. பிரிந்திருக்கும் கணவன் மனைவியிடம் "நேற்று என்ன பேசினீர்கள்?" என்று நான் கேட்பதுண்டு. பிரஷர் எவ்வளவு, டியூசன் காசு கட்டியாச்சா, காஸ் முடிஞ்சுது. அவ்வளவுதான் வரும். மாமியின் நிலவரத்தையும் வீட்டுக் கணக்கையும் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். நேரில் அழைக்கும் பத்து நிமிடத்தில் அதைப் பேசுவதில்லை என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் என்ன பேசுவதென்று தெரியாமல் முழிப்பீர்கள். பரவாயில்லை.

மகனுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அதைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைத் திருக்கோவிலுக்குக் கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். மாதம் ஒரு சனி அவர் வருவதற்குப் பதில் நீங்கள் போங்கள். அப்பா அப்பம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதைப் பையன் ஒருதரம் பார்த்தால், ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு நீங்கள் பதில் தேட வேண்டியதில்லை. நீங்களும் ஓர் இரவு பன்னிரண்டு மணிக்கு எழும்பிப் பாருங்கள், அவரைப் படுக்க விட்டுவிட்டு.

கோபத்துக்கு வருகிறேன். உங்கள் கோபம் மாமி மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எட்டு மாதமாக யாரும் உங்களிடம் எதையும் கேட்டு முடிவெடுக்கவில்லை, கோபம் அதன் மேல். நித்திரை வராமல் போனாலோ, காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் கை நீண்டாலோ காத்திருக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள், தெரிந்தவர் கண்ணில் படக் கூச்சமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். அப்புறம், திருக்கோவில் வீட்டுச் சுவரில் 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அது இலவச அம்புலன்ஸ். மாமியின் முகம் கோணினாலோ பேச்சு திடீரெனக் குழறினாலோ பகல் நேரத்து அக்கா முதலில் உங்கள் கணவருக்கு அழைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

கடைசியாக அந்த 'மறுகா'. அதற்கு ஒரு திகதி வையுங்கள். மாமா இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆடி அமாவாசைக்கு இவர் விரதம் பிடிப்பார், அன்று திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் தீர்த்தம், நீங்களும் பிள்ளைகளோடு போவீர்கள். இரவு ஆள் நின்றாரா, புதன்கிழமை நடந்ததா, மச்சாள் காசு வந்ததா, மாமியின் தோல் எப்படி என்று அன்றைக்கு இருவரும் இருந்து பார்ப்பதாக இந்தச் சனிக்கிழமையே பேசி வைத்துவிடுங்கள். சரிவராவிட்டால் கல்லடிக்குக் கூட்டி வருவதைப் பற்றியும் அன்றுதான் பேச்சு, மாமியையும் கேட்டுக்கொண்டு. அதுவரை "எப்போது வருவீர்கள்?" என்று நீங்கள் கேட்பதில்லை, "மறுகா பாப்பம்" என்று அவரும் சொல்வதில்லை. ஆனால் இதைப் பேசுவது அவர் தூங்கி எழும்பின பிறகு.