சட்டமன்றத்தில் கேள்வி கேட்டால் லிஃப்ட் ஓடுமா?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஆஸ்பத்திரி, பஸ், ரோடு என்று சட்டமன்றத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேப்பரிலும் வருகிறது. இதனால் உண்மையில் ஏதாவது நடக்குமா, இல்லை எல்லாம் நாடகமா?

பொதுவாக அரசியல் கேள்விகளைக் கண்டால் தாண்டிப் போய்விடுவேன். ‘நாடகமா’ என்று கேட்டிருப்பதால் நின்றுவிட்டேன். அந்த நாடகத்துக்கு ஒரு தடவை வசனம் எழுதிக் கொடுத்தவள் நான். தமிழ்நாட்டில் இல்லை, தென்னாப்பிரிக்காவில். ‘அந்த ஊர்க் கதை எங்களுக்கு எதற்கு’ என்று நினைப்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரர், உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் அலைந்துகொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். சும்மா இருக்கிறவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. கல்யாணமாகி டர்பனுக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. கணவர் குடும்பம் இங்கே நான்கு தலைமுறை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் வந்து நின்றது இந்தத் துறைமுகத்தில்தான். இவர்கள் முன்னோர் அதற்குப் பின்னால் வேறொரு கப்பலில் வந்தவர்கள். முதலியார் என்று இருந்தது ஏதோ ஒரு குமாஸ்தாவின் பேனாவில் மூட்லி ஆகி, இன்றைக்கு என் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டர்பனில் எந்தப் பகுதி என்று சொல்லமாட்டேன். சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்துவிடும். அங்கே வேலை செய்கிற நர்ஸுகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இந்த ஊர் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. நாட்டில் ஒன்பது மாகாணங்கள். எங்களுடையது குவாசுலு-நட்டால். சட்டமன்றம் டர்பனில் இல்லை, மேலே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர். உறுப்பினர்கள் 80 பேர். ஆனால் ‘எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.’ என்று கைகாட்ட இங்கே ஆள் கிடையாது. ஓட்டு கட்சிக்குத்தான். கட்சி வாங்கிய ஓட்டின் விகிதப்படி அதன் பட்டியலில் இருந்து ஆட்கள் உள்ளே போவார்கள். அப்புறம் கட்சிகளே ஆளுக்கு ஒரு வட்டாரம் என்று பிரித்துக் கொடுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் வட்டாரத்துக்கு ‘விழுந்த’ உறுப்பினருக்கு எங்கள் தெருப் பெயரே தெரியாமல் இருக்கலாம். நீங்கள் ஓட்டுப் போட்டு, தோற்கடிக்கவும் முடிகிற ஒரு ஆளை வைத்துக்கொண்டு சலித்துக்கொள்கிறீர்கள், அதுதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

சரி, கதை. 2023. என் மாமியாருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலரைக்கு வாசலில் போய் நிற்க வேண்டும். ஐந்து மணிக்குப் போனால் அறுபது பேருக்குப் பின்னால்தான் இடம். கடற்கரைக்குக் கொண்டுபோகிற மடக்கு நாற்காலி, கம்பளி, ஃபிளாஸ்கில் டீ, டப்பாவில் ரொட்டி. கையில் ஒரு மஞ்சள் அட்டை, ஓரமெல்லாம் நைந்துபோய் பிளாஸ்டிக் டேப் ஒட்டியது. அட்டையைப் பெட்டியில் போட்டு, ஃபைல் வந்து, டாக்டர் பார்த்து, மருந்துச் சன்னலுக்குப் போகும்போது மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணி. இதில் டாக்டர் அறை இரண்டாவது மாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் நின்றுபோயிருக்கும். அந்த வருடம் இரண்டுமே நின்றன. காலில் புண்ணோடு வந்த ஒரு பெரியவரை அவர் பேரன் முதுகில் சுமந்து ஏறியதை நான் பார்த்தேன். நடுவில் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினான். பெரியவர் அவன் தோளைத் தட்டித் தட்டி ‘சாரி பாய், சாரி பாய்’ என்றுகொண்டே வந்தார்.

அன்றைக்கு ராத்திரியே அந்த உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கோபத்தில் இரண்டு பக்கம். மரியாதையாகப் பதில் வந்தது, சபையில் கேட்கிறேன் என்று. கேட்டும் விட்டார். சுகாதாரத்துக்கான மாகாண அமைச்சருக்கு எழுத்து மூலமான கேள்வி: இந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் படும் அவதி அமைச்சருக்குத் தெரியுமா? தெரியுமானால் என்ன நடவடிக்கை? பல வாரம் கழித்து வந்த பதில் மூன்று வரி. தெரியும். நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. மற்றது எழவில்லை, அதாவது அதற்குமேல் பதில் சொல்லத் தேவையில்லை.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இந்த ‘எழவில்லை’ எங்கள் வீட்டுச் சொத்து. அப்பா தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். சென்னையில் சபை கூடினால் எங்கள் வீட்டில் சாப்பாடு நேரம் மாறிவிடும். ‘எல்.ஏ.க்யூ. வந்திருக்கு’ என்பார், சட்டமன்ற வினா என்று அர்த்தம். அதற்கான விவரத்தை ராத்திரி உட்கார்ந்து தயார் செய்து காலையில் அனுப்ப வேண்டும். அப்பாவுக்குப் பிடித்த வினா, ‘அரசு அறியுமா?’ என்று ஆரம்பிப்பது. அதற்கு (அ) ஆம், (ஆ) பரிசீலனையில் உள்ளது, (இ) எழவில்லை. ஐந்து நிமிஷ வேலை. பிடிக்காத வினா, தேதி கேட்பது. எந்தத் தேதியில் காலியானது, எத்தனை நாள் ஓடவில்லை, ஒப்பந்தம் யாருக்கு, எப்போது முடிகிறது என்று கேட்டால் பழைய கோப்பெல்லாம் தூசி தட்டி எடுக்க வேண்டும். எடுக்கும்போது எவனோ ஒருவன் மாட்டுவான். அந்த வாரம் அப்பா யாரோடும் பேசமாட்டார்.

‘பொய்ப் பதில் எழுத உங்கள் அப்பாவும்தானே உடந்தை’ என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். அவர் பொய் எழுதியதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினார். அதுதான் விஷயமே.

ஆக, நான் உட்கார்ந்து கேள்வியை எழுதினேன். சமையல் மேடையில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில். இந்த ஆஸ்பத்திரிக்கு ஒப்புதலான மருந்தாளுநர் பணியிடம் எத்தனை, அதில் நிரம்பியது எத்தனை, காலி ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் இருந்து? லிஃப்ட் எத்தனை, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்தத் தேதிகளில் ஓடவில்லை, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், முடியும் தேதி என்ன? மாதாமாதம் ஒரே மாத்திரைக்காக வருகிற நிலையான நோயாளிகளுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு உண்டா, இருந்தால் அதில் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள்? கூடவே என் மாமியார் அட்டையில் ஒவ்வொரு மாதமும் குத்திய முத்திரைத் தேதிகளையும், ‘லிஃப்ட் பழுது’ என்று ஒட்டிய காகிதத்தை நான் மூன்று வேறு மாதங்களில் எடுத்த படங்களையும் அனுப்பினேன். ஒட்டிய காகிதம்கூட மாறவில்லை, ஓரம் மட்டும் சுருண்டுகொண்டே போனது.

‘தெரியுமா, கவலை உண்டா’ என்று எதையும் கேட்காதீர்கள் என்று அந்த உறுப்பினரின் உதவியாளரிடம் போனில் சொன்னேன். சின்னப் பையன். ‘ஆன்ட்டி, நீங்கள் வக்கீலா?’ என்றான். இல்லை தம்பி, ஹெட் கிளார்க் மகள் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

இன்னொன்று முக்கியம். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். இங்கே ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் மாகாணத்தின் பொறுப்பு. குழாய்த் தண்ணீர், குப்பை எல்லாம் எதெக்வினி, அதாவது டர்பன் மாநகராட்சி. போலீஸ் தேசிய அரசு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். டோங்காட் பக்கம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போய் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. அப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கண்ணில் பட்ட அரசியல்வாதிக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாகாணத்துக்கு எழுதினால் மாநகராட்சியைக் கேள் என்றார்கள், மாநகராட்சியைக் கேட்டால் வெள்ளத்தைக் கேள் என்கிற மாதிரி. உங்கள் ஊரில் மட்டும் என்ன, தெருவிளக்கு நகராட்சி, கம்பம் மின்வாரியம் என்று தள்ளிவிடுவார்கள் இல்லையா. சட்டமன்ற உறுப்பினர் எந்த அமைச்சரைச் சபையில் நிறுத்திக் கேட்க முடியுமோ, அந்த அமைச்சரின் துறை வேலையாக இருக்க வேண்டும். மாகாண அமைச்சர்கள் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று 1996 அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பதில் திருப்தியாக இருக்க வேண்டும் என்று இல்லை, அது வேறு.

(கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு இந்த நாட்டில் பொது விடுமுறை கிடையாது. வருடத்துக்கு 12 பொது விடுமுறை, அதில் புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் உண்டு. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஈஸ்டருக்குத்தான் லீவு கிடைத்தது என்று, இங்கே மாரியம்மன் திருவிழாவே புனித வெள்ளியை ஒட்டி நடக்கிறது. நூற்றாண்டுக்கு மேல் அம்மனே அவர்கள் காலண்டருக்கு ஒத்துப்போயிருக்கிறாள். இதைச் சொன்னால் மன்னார்குடியில் என் சித்தி சிரிக்கிறாள், ‘ஈஸ்டருக்குத் தீமிதியா’ என்று. சிரிக்காதீர்கள் சித்தி. தீபாவளியன்று நான் அரை நாள் லீவுக்கு மேலாளரிடம் கெஞ்சிவிட்டு, எண்ணெய்ச் சட்டி வைக்கும்போது மணி ஏழு ஆகிறது. ஒரு கூட்டத்தில் இதையும் அந்த உறுப்பினரிடம் கேட்டேன். அது 1994 சட்டம், தேசியப் பாராளுமன்றம்தான் மாற்ற முடியும் என்றார். சரியான பதில். வயிறு எரிந்தது.)

இரண்டாவது பதில் வர முதலாவதைவிட அதிக நாளானது. அப்பா இருந்திருந்தால் ‘நல்ல அறிகுறி’ என்றிருப்பார். வந்தபோது இரண்டு பக்கமும் ஒரு அட்டவணையும். காலியிடங்கள் தேதியோடு இருந்தன. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோய், புதுப்பிப்பு பொதுப்பணித் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்ததும் இருந்தது. யாரும் ஊழல் செய்யவில்லை, யாரும் வேலையும் செய்யவில்லை. ஒரு கோப்பு ஒரு மேசையில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அட்டவணையை உள்ளூர்ப் பத்திரிகை போட்டது. இரண்டு மாதத்தில் ஒரு லிஃப்ட் ஓடியது. கேள்வியால் ஓடியதா, தானாக ஓடியிருக்குமா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபி என்று வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். அந்த லிஃப்ட் மறுபடி நின்றதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எங்களுக்குப் பலன் கிடைத்தது கடைசிக் கேள்வியில்தான், நான் சும்மா சேர்த்தது. பதிலில் ஒரு திட்டத்தைச் சொல்லியிருந்தார்கள். நோய் கட்டுக்குள் இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம், பக்கத்துத் தனியார் மருந்துக்கடை மாதிரி ஒரு இடத்தில் கட்டி வைத்த பொட்டலமாக மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. புதிதாக ஆரம்பித்ததா என்று பார்த்தால், 2014-லிருந்தே நாட்டில் இருக்கிறது! ஒன்பது வருடம். என் மாமியார் அந்த ஒன்பது வருடமும் விடிகாலை நாலரைக்கு எழுந்திருக்கிறார். எங்கள் வரிசையில் யாரும் இதைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பதிலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் நர்ஸிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்து அவராகவே நிரப்பினார். பத்து நிமிஷம்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போனில் எஸ்.எம்.எஸ். வரும். மாலில் இருக்கிற கடைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டினால் பொட்டலம் கைக்கு வந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

அந்த உறுப்பினர் பதிலின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, ‘நான் கேட்டேன், அரசு பதில் சொல்லியது’ என்று எழுதியிருந்தார். எனக்குப் பேர் வேண்டும் என்று இல்லை. கொஞ்சம் வேண்டும். என் வாக்கியங்கள் அப்படியே இருந்தன, ஒரு காற்புள்ளி மாறவில்லை. அவர் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொன்னால் இந்தப் பதில் முழுவதும் கட்சிப் பிரச்சாரம் ஆகிவிடும். 2024 தேர்தலில் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டேனா என்பது எனக்கும் பெட்டிக்கும் நடுவில்.

அதனால் உங்கள் எம்.எல்.ஏ. என்ன கேட்டார் என்பதைப் பேப்பரில் பார்க்காதீர்கள், கேள்வியையே தேடிப் படியுங்கள். ‘அரசு அறியுமா’ என்று இருந்தால் நீங்களே அடுத்ததை எழுதிக் கொடுங்கள். தேதி, எண்ணிக்கை, யார் பொறுப்பு. வாங்கிக்கொள்வார்கள். யோசிக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷமாகவே வாங்கிக்கொள்வார்கள்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இதில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. வரிசையில் பக்கத்தில் உட்காருகிற ஒரு தோழி, சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்து தைத்த காலத்திலிருந்து பழக்கம். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இன்னும் கட்டுக்குள் வரவில்லை, அதனால் திட்டத்தில் சேர்க்கவில்லை. இப்போதும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாலரைக்கு நாற்காலியோடு அவர் அங்கே இருக்கிறார். என் மாமியாரும் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு, வாங்க வேண்டிய மாத்திரை எதுவும் இல்லாமலேயே, என்னைக் காரை எடுக்கச் சொல்கிறார்.